கிராமத்தில் சபை நாட்டுவது, சீஷராக்குவது: பெங்களூரில் இருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ் சபையைச் சேர்ந்தவன். முழுநேர ஊழியன் இல்லை, வேலைக்குப் போகிறவன். 14 வருடமாக, மாதத்தில் மூன்று ஞாயிறாவது, ஓசூர் தாண்டி தளி பக்கம் உள்ள ஒரு கிராமத்துக்குப் போய் வருகிறேன். இன்று அங்கே 9 வீட்டார் கூடுகிற ஒரு சின்னச் சபை இருக்கிறது. நடத்துகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே. அல்சூர், காக்ஸ் டவுன், மர்பி டவுன் பக்கத்து வாலிபர்கள் ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சபை நாட்டுவது என்றால், ஒரு ஊரில் விசுவாசிகள் கூடுகிற புதுச் சபையைத் தொடங்குவது. சீஷராக்குவது என்றால், இயேசுவைப் பின்பற்றி வாழப் பழக்குவது.

எந்த ஊருக்குப் போவது என்று எப்படி முடிவு செய்வது?

மேப்பை விரித்து வைத்துக்கொண்டு சபை இல்லாத ஊரைத் தேட வேண்டாம். உங்கள் தெருவிலேயே பாருங்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள், வீட்டு வேலை செய்யும் அக்கா, கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு வருகிறவர்கள், இவர்களில் எத்தனை பேர் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அந்த ஊர்க் கதவு திறந்தது அப்படித்தான். எங்கள் சபைக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்த ஒரு அக்கா, பொங்கலுக்கு ஊருக்கு வாங்க என்று கூப்பிட்டார், இரண்டு பேர் போனோம்.

லூக்கா 10-ம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பும்போது சொன்னதை நிதானமாகப் படியுங்கள். ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்குங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு போகாதிருங்கள் என்கிறார். நாம் செய்வது நேர்மாறு: ஒரே நாளில் 200 வீட்டில் கைப்பிரதி கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் வேனில் ஏறிவிடுகிறோம்.

இன்னொன்று. அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஏற்கெனவே சபை இருக்கிறதா என்று விசாரியுங்கள். தளிப் பக்கம் மத்தகொண்டபள்ளியில் கத்தோலிக்கத் திருச்சபை பல தலைமுறையாக இருக்கிறது. வேறு மந்தையின் ஆடுகளை நம் கணக்கில் எழுதிக்கொள்வது சபை நாட்டுவது ஆகாது.

முதல் சில மாதங்கள் என்ன செய்வது?

உட்கார்ந்து கேளுங்கள். உண்மையாகவே அதுதான் வேலை. அந்த ஊரில் எந்த மாதம் என்ன வேலை நடக்கும் என்று தெரியாமல் கூட்டத்துக்கு நேரம் குறிக்க முடியாது. எங்கள் ஊர் மானாவாரி ராகி பூமி. ஆடி, ஆவணியில் விதைப்பு, கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. கதிர் முற்றும்போது ஜவளகிரிக் காட்டுப் பக்கத்தில் இருந்து யானைகள் இறங்கும். அந்த நாட்களில் ஆண்கள் எல்லாரும் இரவு காவலுக்கு ராகி வயலில் இருப்பார்கள். நாங்கள் முதல் வருடம் கார்த்திகையில் இரவு 7 மணிக்கு ஜெபக்கூட்டம் என்று சொன்னோம், ஒரு ஆண் கூட வரவில்லை. ஊரே நம்மைத் தள்ளிவிட்டது என்று நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த வாரம் ஒரு அண்ணன், “சும்மா இருந்தா நீயும் வா சாமி, துணைக்காச்சு” என்று காவலுக்குக் கூப்பிட்டார். பரண் மேல் இரண்டு பேர், கம்பளி, ஒரு பழைய எண்ணெய் டின், தட்ட ஒரு குச்சி, பட்டாசு ஒரு கட்டு, டார்ச். பனியில் கை விறைத்துப்போனது. இரண்டு மணி வரை அவர் கடனைப் பற்றியும் இறந்துபோன முதல் பிள்ளையைப் பற்றியும் பேசினார். நான் எதுவும் போதிக்கவில்லை. விடியப்போகும் நேரத்தில் அவரே, “நீ யாரைக் கும்பிடறே, அவர் கதையைச் சொல்லு” என்றார். அந்த ஊரில் நான் சொன்ன முதல் சுவிசேஷம் அதுதான். மேடை இல்லை, மைக் இல்லை. இன்று அந்தச் சபையை நடத்தும் மூப்பர்களில் அவர் ஒருவர்.

அங்கே எந்த மொழி பேசுகிறார்கள்? தமிழ் போதுமா?

போதாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடைத்தெருவில் தமிழ் பேசுவார்கள், வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ இருக்கும். ஆனேக்கல் பக்கம் போனால் கன்னடம் இல்லாமல் ஆகாது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த நமக்கு இது பெரிய வரம், மூன்றும் காதில் விழுந்தே வளர்ந்திருக்கிறோம். ஒரு மனிதர் எந்த மொழியில் பிள்ளையைக் கொஞ்சுகிறாரோ, எந்த மொழியில் அழுகிறாரோ அந்த மொழியில் ஜெபிக்க அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தெலுங்கு, கன்னட வேதாகமம் வேண்டுமென்றால் இந்திய வேதாகமச் சங்கம் எம்.ஜி. ரோட்டிலேயே இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்புறம் தானே தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல் பக்கம் போனார், 1912-ல் அங்கே பேராயராகவும் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர். ஒரு தமிழர், தெலுங்கு கிராமத்து ஏழைகளோடு வாழ்நாளைக் கழித்தார். ஓசூர் நமக்கு 40 கிலோமீட்டர்தான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எப்படிச் சீஷராக்குவது?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. நகரத்துச் சபைகளில் சீஷத்துவம் என்றால் பயிற்சி நோட்டு, கோடிட்ட இடத்தை நிரப்புக, 12 வாரம், சான்றிதழ் என்று ஆகிவிட்டது. அந்த நோட்டை அப்படியே கிராமத்துக்குக் கொண்டுபோனால், எழுதத் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன்தான் சபைத் தலைவன் ஆவான். அறுபது வருடம் ஊரைப் பார்த்த பாட்டி வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார்.

நாங்கள் செய்வது மிக எளிது. வாரம் ஒரே ஒரு கதை. மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கினோம், 16 அதிகாரம்தான், ஆனாலும் முடிக்க ஒன்றேகால் வருடம் ஆனது. ஒருவர் கதையைச் சொல்வார். இரண்டு பேர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். அப்புறம் மூன்றே கேள்வி: இதில் இயேசு எப்படிப்பட்டவராக இருக்கிறார், நான் இந்த வாரம் எதைச் செய்ய வேண்டும், இதை யாரிடம் சொல்லப் போகிறேன். அடுத்த வாரம் கூடும்போது முதலில் அதைத்தான் கேட்போம். செய்தாயா? சொன்னாயா? திட்டுவதற்காகக் கேட்பதில்லை. செய்ய முடியாமல் போனால் ஏன் முடியவில்லை என்று பேசுவோம், பல நாள் அந்தப் பேச்சிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

ஒரு நாள் லூக்காவில் இருந்து காணாமல்போன ஆட்டின் கதை. ஆடு மேய்க்கும் அவ்வா (பாட்டி) ஒருவர் திரும்பச் சொன்னார். “பொழுது சாய பட்டியில ஒவ்வொண்ணா எண்ணி விடறான். தொண்ணூத்தொன்பதுக்கு மேல வரல. மறுபடியும் எண்றான். அந்த ஒண்ணுக்கு எந்தப் பக்கம் காது கிழிஞ்சிருக்குன்னு அவனுக்குத் தெரியும்.” காது கிழிந்த விவரம் வேதத்தில் இல்லை என்று எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி மெதுவாகத் திருத்தப் பார்த்தான், நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேய்ப்பன் ஒவ்வொரு ஆட்டையும் அறிந்திருக்கிறான் என்பதை அவ்வா தன் பட்டியில் நின்று புரிந்துகொண்டு சொல்கிறார். அந்த வாரமே, பேச்சுவார்த்தை இல்லாத தன் மூத்த மருமகள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். எந்தப் பயிற்சி நோட்டும் இதைவிட அதிகம் செய்துவிடாது.

பாட்டும் அப்படியே. நம் கீபோர்டு பாட்டுகளை இறக்க வேண்டாம். அவர்கள் நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் பாடும் மெட்டு இருக்கிறது, அதில் அவர்களே வார்த்தை போடுவார்கள், நீங்கள் கொஞ்சம் காத்திருந்தால்.

பெண்களோடு யார் பேசுவது?

பெண்கள்தான். சகோதரிகள் இல்லாமல் குழுவாகப் போகாதீர்கள். பிலிப்பியில் முதல் சபையே லீதியாள் என்ற பெண்ணின் வீட்டில் தொடங்கியது.

அரிசி, துணி, நோட்டுப் புத்தகம் கொண்டுபோகலாமா?

நாங்கள் செய்த பெரிய தப்பு இதுதான், மறைக்காமல் சொல்கிறேன். இரண்டாவது வருடம், நல்ல மனதுள்ள ஒருவர் பணம் கொடுத்தார், நாங்கள் கூட்டத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் கொடுத்தோம், அடுத்த மாதம் பெரியவர்களுக்கு 5 கிலோ அரிசி. கூட்டம் 60 பேராகிவிட்டது, போட்டோ எடுத்து சபையில் காட்டினோம், எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பணம் நின்றது. நான்கே வாரத்தில் 6 பேர். அது கூடப் பரவாயில்லை. அந்த ஆறு பேரையும் ஊரார், “அரிசிக்குப் போனவங்க” என்று இரண்டு வருடம் சொல்லிக் காட்டினார்கள். அரிசியே வாங்காத அந்தக் காவல்காட்டு அண்ணனையும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உதவி செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. செய்தால் ஊர் முழுவதற்கும் செய்யுங்கள், கூட்டத்துக்கு வருகிறவர், வராதவர் என்று பார்க்காமல், ஜெபக்கூட்டத்தோடு முடிச்சுப் போடாமல். முதியோர் பென்ஷன் மனு எழுதிக்கொடுப்பது, ரேஷன் கார்டு திருத்தம், ஓசூர் அரசு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது, இதற்கெல்லாம் பணம் கூடத் தேவை இல்லை, உங்கள் ஒரு நாள்தான் தேவை.

வியாதிக்கு ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிறார்களே?

ஜெபியுங்கள், விசுவாசத்தோடு ஜெபியுங்கள், கர்த்தர் சுகம் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மாத்திரையை நிறுத்து என்று ஒருவரிடமும் சொல்லாதீர்கள். சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளைச் சொந்தமாக நிறுத்தினால் உயிர் போகலாம். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் மருந்துக்குக் கேட்காத நோயாகிவிடும். ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கூடப் போங்கள்.

ஞானஸ்நானம் எப்போது கொடுப்பது? சட்டம் என்ன சொல்கிறது?

அவசரமே வேண்டாம். எங்கள் ஊரில் முதல் ஞானஸ்நானம் ஐந்தாவது வருடம்தான். ஒருவர் இயேசுவைப் பின்பற்றுகிறாரா என்பது அவர் வீட்டாருக்கு முதலில் தெரியும், குடிக்கிறாரா, கடனைத் திருப்பிக் கொடுக்கிறாரா, மனைவியை அடிக்கிறாரா என்று அவர்களுக்குத்தானே தெரியும். அதனால் வீட்டாரோடு உட்கார்ந்து பேசாமல் நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பதும் இல்லை, விடுமுறை வேதாகமப் பள்ளி உட்பட.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு எந்த மதத்தையும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. ஆனால் 1977-ல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. கர்நாடகத்தில் 2022-ல் வந்த சட்டம், மதம் மாற விரும்புகிறவரும் அதை நடத்திவைப்பவரும் 30 நாளுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2023 ஜூனில் அதை ரத்து செய்ய மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. ஓசூர் எல்லையில் ஊழியம் செய்கிறவர்களுக்கு அத்திப்பள்ளி தாண்டினால் சட்டமே மாறுகிறது, அதனால் எந்த ஊராக இருந்தாலும் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நிறைய ஊழியர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். 1950-ம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி அந்தத் தகுதி இந்துக்களுக்கே இருந்தது, 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். அதாவது, ஞானஸ்நானம் எடுக்கும் ஒரு தலித் குடும்பத்துப் பிள்ளையின் கல்லூரி இடம், உதவித்தொகை, அரசு வேலை வரைக்கும் இது தொடும். இருளர் போன்ற பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. இது நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனாலும் இன்றைய சட்டம் இது. தண்ணீரில் இறக்குவதற்கு முன் இதை அந்தக் குடும்பத்துக்கு முழுதாக விளக்கிச் சொல்ல வேண்டியது நம் கடமை. ஒரு குடும்பம் இதைக் கேட்டுவிட்டு, மகள் நர்சிங் முடிக்கும்வரை பொறுத்துக்கொள்கிறோம் என்றது. நான்கு வருடமாக ஒரு வாரம் தவறாமல் கூடுகிறார்கள். அவர்களை விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

சாதியை என்ன செய்வது? ஒரே சாதிக்குள் சபை நாட்டினால் வேகமாகப் பரவும் என்கிறார்களே?

பரவும். கூடவே சாதியும் சபைக்குள் குடியேறிவிடும். தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இது பழைய காயம். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனையோ பேர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். தனி உட்காருமிடம், தனிக் கல்லறை இன்னும் சில ஊர்களில் இருக்கிறது என்பது நமக்கு எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் கூடுகை முதலில் காலனியில்தான் தொடங்கியது. மேல்தெருவில் இருந்து வந்த முதல் குடும்பம் மூன்று மாதம் வாசலில் நின்றே கேட்டது, உள்ளே உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. நாங்கள் அவர்களுக்காகக் கூடுகையை இடம் மாற்றவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. திருவிருந்து நாள் வந்தது, ஒரே அப்பம், ஒரே பாத்திரம். பாத்திரம் காலனி அம்மா கையில் இருந்து மேல்தெரு அண்ணன் கைக்கு வந்தபோது அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. குடித்தார். அன்று மதியம் அந்த அம்மா வீட்டிலேயே களி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியாது.

எதிர்ப்பு வந்தால்?

முதலில் நம் பக்கம் தப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கோவில் திருவிழா அன்று ஸ்பீக்கர் கட்டினோமா? அடுத்தவர் சாமியைப் பழித்தோமா? அப்படி இருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். தப்பு இல்லாமலே வந்தால், வாக்குவாதம் வேண்டாம், ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள், தேவைப்பட்டால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். நாம் மாலை பஸ்ஸில் பெங்களூருக்கு வந்துவிடுவோம், அங்கேயே இருக்கப்போகிறவர்கள் அவர்கள். முடிவை அவர்களே எடுக்க வேண்டும்.

ஆலயம் எப்போது கட்டுவது?

ஊர்க்காரர்கள் கேட்கும்போது, அவர்கள் பணத்தில். தமிழ்நாட்டில் வழிபாட்டு இடம் கட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், பட்டா ஒரு தனி ஊழியர் பெயரில் இருந்தால் பின்னால் வழக்குதான். எங்கள் சபை இன்றும் திண்ணையில்தான் கூடுகிறது. மழை வந்தால் உள்ளே நெருக்கிக்கொள்வோம்.

பணத்துக்கு என்ன செய்வது? வெளிநாட்டு உதவி கேட்கலாமா?

பஸ் செலவுக்கு வெளிநாட்டுப் பணம் எதற்கு? வெளிநாட்டு நன்கொடையை 2010-ம் ஆண்டு சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதான கிளை வழியாகத்தான் வர வேண்டும், வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. அதை விடுங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள், களிக்கு மாவு எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிப் பானையில் போடுகிறார்கள். மாதக் கடைசியில் அளந்து, ஊரில் அடுப்பு எரியாத வீட்டுக்குப் போகிறது, எந்தச் சாமி கும்பிடும் வீடாக இருந்தாலும். அரிசி கொண்டுபோன எங்களுக்கு இதைப் பார்க்கும்போது வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பாஸ்டர் யார்? நாங்கள் எப்போது விலகுவது?

பவுலும் பர்னபாவும் திரும்பி வந்த வழியில், சபைகள்தோறும் அந்தந்த ஊரிலேயே மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் 14-ல் இருக்கிறது. லீஸ்திரா போன்ற அந்த ஊர்களுக்கு, அவர்களை அனுப்பிய அந்தியோகியாச் சபையில் இருந்து யாரையும் சம்பளத்துக்கு அனுப்பவில்லை. நீங்கள் ஊருக்குள் போகும் முதல் நாளே, இந்த வேலையை யார் கையில் கொடுக்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு போங்கள். நீங்கள் செய்கிற எதையும் அவர்கள் செய்ய முடியாதபடி செய்யாதீர்கள்: அவர்களிடம் இல்லாத கருவி, அவர்களால் பேச முடியாத பேச்சு, எதுவும் வேண்டாம். அசரியா ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைப்பார். முதல் நாளே அவர்களும் ஊழியர்கள் என்று அர்த்தம்.

எட்டாவது வருடத்தில் இருந்து நான் அங்கே பிரசங்கிப்பதில்லை. போன வருடம் மூப்பர்கள் இரண்டு பேர் என்னைக் கேட்காமலே 6 கிலோமீட்டர் தள்ளி, ஒருவரின் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில், கதை சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நான் இன்னும் அந்த ஊரைப் பார்க்கவில்லை.

நாங்களும் ஒருநாள் கூட வரலாமா?

வாருங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், வேன் வேண்டாம், கேமரா வேண்டாம். சனிக்கிழமை மதியம் மடிவாளாவில் ஓசூர் பஸ் ஏறி, அங்கே இறங்கித் தளி பஸ் பிடிக்க வேண்டும். கூடுகை ஞாயிறு காலை 8 மணிக்கு, பால் ஊற்றிவிட்டு எல்லாரும் வந்த பிறகு. இரவு குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் வந்தால் பரணில் ஒரு இடம் காலி இருக்கும்.